சூட்டிக்கு மஞ்சள் காமாலை

2024 ஜூன் 4, செவ்வாய்

விடாத மழை. ஸ்கூல் முடிந்து டிக்கோயாவில் பஸ் இறங்கி நடந்து வருவதற்குள் சேலை முழங்கால் வரை நனைந்துவிட்டது. எப்போதும் பாதி வழிக்கு ஓடி வரும் எங்கள் நாய் சூட்டி இன்று வரவில்லை. அடுப்படி மூலையில் சுருண்டு கிடந்தது. காலையில் வைத்த சோறு அப்படியே இருக்கிறது.

"ரெண்டு தடவ வாந்தி எடுத்துச்சு புள்ள. புல்லக் கில்லத் தின்னுருக்கும்" என்றார் மாமா.

அத்தை இறந்ததிலிருந்து மாமா வாசலைத் தாண்டுவதில்லை. அவர் மகன், என் வீட்டுக்காரர் ஜெரோஷன், கட்டாரில். நாள் முழுக்க அவருக்குப் பேச்சுத்துணை இந்த நாய்தான்.

ஜூன் 7

இன்றும் சாப்பிடவில்லை. சிறுநீர் பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணி நிறத்தில் போகிறது. வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பிப் பார்த்தேன் — கண்வெள்ளை மஞ்சள்.

ஜூன் 8, சனி

ஆட்டோ பிடித்து ஹட்டனுக்குக் கொண்டுபோனேன். மிருக டொக்டர் அதன் உதட்டைத் தூக்கிக் காட்டினார், பல்லைச் சுற்றிய முரசும் மஞ்சள். ஈரலில் கோளாறு என்றார். எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாமாம், இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை சிறுநீரைக் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. சேலைன் ஏற்றினார்கள். எலி மருந்து தின்றதா, மனிதருக்கான மாத்திரை ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

எண்ணெய், கருவாடு, உப்பு கூடாது. தோல் நீக்கி அவித்த கோழி, முட்டை வெள்ளைக்கரு, குழைந்த சோறு, எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை. பயந்து இறைச்சியை அடியோடு நிறுத்திவிடவும் கூடாதாம். ஈரல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும், அதைக் கெடுப்பது எதுவென்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்றார்.

ஜெரோஷன் போனில் சொன்னார்: "கஷ்டப்படுத்தாம ஊசியப் போட்டு விட்டுரு ஜெனு. வயசும் ஆச்சு தானே."

கல்யாணமான வருஷம் கொட்டகலை கடைவீதியிலிருந்து குட்டியாய் இருந்த சூட்டியைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தது அவர்தான். கொண்டுவந்தார், போய்விட்டார். கோபம்கூட வரவில்லை. அலுப்புதான்.

ஜூன் 13

இரத்த முடிவு வந்தது, எலிக்காய்ச்சல் இல்லை. ஆனால் ஈரல் கணக்கெல்லாம் ஏகத்துக்கு ஏறியிருக்கிறது. காரணம் தெரியவில்லை.

ஜூன் 17

சாப்பிட்டது! வாலும் ஆடியது.

ஜூன் 22, சனி

மறுபடி மஞ்சள். மத்தியானம் சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நின்றது. கூப்பிட்டால் திரும்பவில்லை. நான் யாரென்றே தெரியாத மாதிரி. திரும்பவும் ஹட்டன். ஈரல் வடிகட்டாத நஞ்சு மூளைக்கு ஏறுகிறதாம். அந்த நஞ்சு பேதியாகப் போக, குடிக்கிற பாணி மருந்து ஒன்று கொடுத்தார்.

அவிக்கிறேன், பிசைகிறேன், கழுவுகிறேன். என்ன தப்பாகச் செய்கிறேன்?

ஜூன் 23, ஞாயிறு

மாதா கோவிலில் பூசை முடிந்து நேரே வந்துவிட்டேன். மாமா படியில் உட்கார்ந்து பாண் ரொட்டித் துண்டுக்குள் எதையோ வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். பிடுங்கிப் பார்த்தேன். பரசிட்டமோல்.

"மழ தொடங்குனதிலருந்து பின்னங்கால நொண்டுது புள்ள. எனக்கு முட்டி வலிக்குப் போட்டா கேக்குது, அதுக்கும் வலி தானே? காலையில ஒன்னு, அந்திக்கு ஒன்னு. வேற எதத் தின்னாட்டியும் என் கையால குடுத்தா முழுங்கிரும்."

"நாய்க்கு இது வெஷம் மாமா! ஈரலத் தின்னுரும்! நீங்கதான் அதக் கொல்றீங்க!"

கத்திவிட்டேன். அவர் என் கையிலிருந்த பாணைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "நடுவுல முடிஞ்சு போயிருந்துச்சு. நீ தானே போன வாரம் வாங்கிட்டு வந்த."

ஆமாம். நான்தான். அவர் முட்டிக்கென்று.

டொக்டருக்குப் போன் பண்ணினேன். உடனே கொண்டுவரச் சொன்னார். பரசிட்டமோல் நஞ்சை முறிக்கும் மருந்து ஏற்றினார்கள். இனிப் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

ஜூன் 24

மாமா அறையை விட்டு வரவில்லை. சோறும் வேண்டாமாம். சூட்டி என் கையை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அந்த அறைக்கதவையே பார்த்துக்கொண்டு கிடக்கிறது.

இரண்டு பேரும் பட்டினி. நடுவில் நான், சட்டியோடு.

ஜூன் 25

லீவு போட்டேன். கதவைத் தட்டினேன். என்ன சொல்வதென்று யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோனது.

"எனக்கு முடியல மாமா. நீங்க குடுத்தாதான் அது தின்னும். வாங்க."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, "என் கைய நம்புறியா?" என்று கேட்டார்.

"வேற யாரு கைய நம்புறது?"

வந்தார். தரையில் உட்கார்ந்து விரல் நுனியில் கோழியைத் தொட்டு அதன் நாக்கில் வைத்தார். முதலில் சும்மா இருந்தது. அப்புறம் நக்கியது. மாமா அடுத்த துண்டைப் பிய்த்தார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஜூலை 6

கணக்கு இறங்கியிருக்கிறது. முரசில் மஞ்சள் குறைவு. நொண்டும் காலுக்கு டொக்டர் சொன்னபடி மாமா சாக்கை மடித்துப் படுக்கை போட்டு, சூடு ஒத்தடம் கொடுக்கிறார்.

ஜூலை 19

சூட்டிக்கு முட்டை அவிப்பது இப்போது மாமா. எனக்கும் ஒன்று வைத்திருந்தார்.

ஆகஸ்ட் 17, சனி

ஈரல் பழையபடி முழுதாகத் திரும்பாதாம். சாகும்வரை மாத்திரையும் பத்தியமும், அவ்வப்போது இரத்தப் பரிசோதனையும். இன்று அதற்குப் போக வேண்டிய நாள். நான் சேலை மாற்றப் போகும்போது மாமா சட்டை போட்டு, தலை வாரி, நாயோடு வாசலில் நிற்கிறார்.

"நீ இரு புள்ள. டொக்டருகிட்ட என்னா கேக்கணும்னு எனக்குத் தெரியும்."

ஆட்டோ வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டில் சத்தமே இல்லை. சும்மா முதுகைச் சாய்த்தேன்.

கண் விழித்தபோது அடுப்படியில் பாத்திரச் சத்தம். மாமா சூட்டியை அதட்டிக்கொண்டிருந்தார்: "கொலைக்காத. புள்ள தூங்குது."

நான் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.