துண்டை எறிந்த அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீயும் அண்ணியும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாய். சரி, கடிதத்தை என்ன செய்கிறாய் என்று பார்க்கலாம். நீ கிழித்துப் போட்டாலும் அண்ணி பொறுக்கி ஒட்டிவைத்துப் படித்துக் காட்டுவார்.

தங்க இடம் கிடைத்துவிட்டது என்று அம்மாவிடம் சொல். சின்ன அறைதான், ஆனால் ஜன்னல் பெரியது, தண்ணீர் வருகிறது. வீட்டுக்கார அம்மா ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவர். நான் குத்துச்சண்டைக்காரி என்றதும் வாடகை பேசுவதை விட்டுவிட்டு என் வாயையே பார்த்தார். "எல்லாம் சொந்தப் பல்லாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

புது மாஸ்டர் முன்பு நடுவராக இருந்தவர் என்பது உனக்குத் தெரியும். பல வருஷம் ரிங்குக்குள் பேசாமல் நின்று பார்த்துப் பழகிய மனிதர், இப்போதும் வாயைத் திறப்பதில்லை. நான் மௌனகுரு என்று பெயர் வைத்திருக்கிறேன். அவருக்குத் தெரியாது, நீ போட்டுக்கொடுத்துவிடாதே.

அவருடைய பயிற்சிக்கூடம் ஒரு காலத்தில் குளிர்பதனக் கிடங்காக இருந்ததாம். அவ்வளவு தடிமனான சுவர். கதவைச் சாத்திவிட்டால் தெருவில் லாரி போனால்கூடக் கேட்காது. நம்முடையதை நினைத்துப் பார். கீழே அச்சகம், மேலே நாம். மெஷின் ஓட ஆரம்பித்தால் தரையே அதிரும். அந்த இரைச்சலில் நீ தொண்டை கிழியக் கத்தினால்தான் எனக்குக் கேட்கும். "உள்ள போ! உள்ள போ!" அதைக் கேட்டுக் கேட்டு, அரங்கமே கூச்சல் போட்டாலும் உன் குரல் மட்டும் தனியாக என் காதில் விழும்படி ஆகிவிட்டது.

இங்கே முதல் நாள் ஒரு பெண்ணோடு மோத விட்டார். நான் கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். அவள் குத்தினாள். மறுபடியும் குத்தினாள். நான் மரம் மாதிரி நிற்கிறேன். மாஸ்டர் நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்டார், "யாருக்காகம்மா காத்துக்கிட்டிருக்க?" எனக்குச் சுருக்கென்று தைத்தது. உன் குரலுக்காகத்தான் அண்ணா காத்துக்கொண்டிருந்தேன். நீ சொல்லாமல் என் கால் நகர மாட்டேன் என்கிறது. இது யார் குற்றமும் இல்லை. ஆனால் நீ பக்கத்தில் இருக்கிறவரை இது சரியாகாது.

துண்டு விஷயத்தையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சல் அடங்காது. பட்டத்துக்கான சண்டையில் நான் புள்ளிகளில் முன்னால் இருந்தேன். புருவம் கிழிந்தது உண்மை. டாக்டர் பார்த்தார், தொடரலாம் என்றார். நான் எழுந்து நின்றேன். என் பின்னாலிருந்து துண்டு பறந்து வந்து ரிங்குக்கு நடுவில் விழுந்தது. நம் மூலையிலிருந்து துண்டு விழுந்தால் நாம் தோற்றோம் என்று அர்த்தம். என்னோடு மோதிய அந்த நெட்டைக்காரிக்கே நம்ப முடியவில்லை, திருதிருவென்று முழித்தாள். அவள் என்னைத் தோற்கடிக்கவில்லை, நீ தோற்கடித்தாய்.

அதற்காகக்கூட நான் கிளம்பவில்லை. இனிமேல் எறிய மாட்டேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொல் என்றேன். "மறுபடியும் ரத்தம் வந்தா மறுபடியும் எறிவேன்டி, போ" என்றாய். போய்விட்டேன்.

மழைக்காலம் முடிந்ததும் நெட்டைக்காரியோடு மறு சண்டை. அதற்கு முன்னால், என்னைச் சோதித்துப் பார்க்க மாஸ்டர் ஒரு சின்னச் சண்டை ஏற்பாடு செய்திருக்கிறார். பட்டத்தோடுதான் வீட்டுப் படி ஏறுவேன். கோபம் இருந்தால் நாலு திட்டு திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் பிடிவாதக்காரத் தங்கை

---

தங்கைக்கு,

அன்புள்ள என்று போட மனம் வரவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்க்கிறாள். அதனால் போட்டதாக வைத்துக்கொள்.

இங்கே எல்லோரும் நலம். உன் அண்ணிக்கு இருமல் இருந்தது, இப்போது தேவலை. உன்னைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் எனக்குத்தான் காய்ச்சல் வருகிறது.

நடுவராக இருந்த ஆளுக்கு, கீழே விழுந்தவளைப் பார்த்து எண்ணத் தெரியும். விழாமல் நிற்கச் சொல்லித் தரத் தெரியுமா? வாயைத் திறக்காத மாஸ்டராம். அதற்கு நம் வீட்டு அலமாரியை வைத்துப் பயிற்சி எடுத்திருக்கலாமே, ஊர் விட்டு ஊர் போக வேண்டிய தேவையே இல்லை.

நான் கத்தினேன், நீ கேட்டாய், ஜெயித்தாய். எத்தனை சண்டை! அப்போதெல்லாம் என் குரல் இனித்தது. இப்போது அதுவே உனக்கு நோய் ஆகிவிட்டது. நல்லா இரு தாயே.

துண்டைப் பற்றி எழுதியிருந்தாய். ஆமாம், எறிந்தேன். டாக்டர் உன் கண்ணைத்தான் பார்த்தார், நான் உன் முகத்தைப் பார்த்தேன். ரத்தத்தோடு நீ என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாய். சின்ன வயதில் மாடிப்படியில் உருண்டு விழுந்தபோதும், நான் திட்டுவேனோ என்று பயந்து இப்படித்தான் சிரித்தாய். என் கை தானாகப் போய்விட்டது. இதற்கு மேல் எனக்கு விளக்கம் சொல்லத் தெரியாது.

உன் சின்னச் சண்டைக்கு நான் வர மாட்டேன். காரில் வைத்து அழைத்துப் போனாலும் வர மாட்டேன். அங்கே உன் மௌனகுரு இருக்கிறார், பார்த்துக்கொள்வார்.

களைத்துப் போனால் உன் வலது முழங்கை விலகிவிடும், அதை அந்த ஆள் கவனித்தாரா என்று கேள். பிஸ்கட்டைக் கண்டால் விடாதே என்று அம்மா எழுதச் சொல்கிறாள். நான் சொல்கிறேன், எடை ஏறிவிடும், பிஸ்கட்டைத் தொடாதே.

அண்ணன்

---

அன்புள்ள அண்ணாவுக்கு,

வர மாட்டேன் என்று எழுதினாய். வந்தாய். தொப்பியை மூக்கு வரை இறக்கிவிட்டு, அண்ணியின் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாய். கொள்ளையடிக்க வந்தவன் என்று நினைத்து உன்னைப் பிடித்துக்கொடுக்காமல் விட்டதே ஆச்சரியம்.

நடந்தது என்ன என்று நீ முழுவதும் தெரிந்துகொள்ளவில்லை. பாதியில் ஓடிவிட்டாய். அதனால் நான் எழுதுகிறேன்.

மாஸ்டர் எனக்கு ஒன்றைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். எதிராளி வலது கையைத் தூக்கினால் நான் ஓர் அடி பின்னால் போக வேண்டும், அவள் குத்து காற்றில் போனபிறகு உள்ளே நுழைய வேண்டும். வாரக்கணக்கில் இதே வேலை. கனவில்கூடப் பின்னால்தான் போனேன். சண்டையிலும் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. மூன்றாவது ரவுண்டில் அவள் வலது கையைத் தூக்கினாள். என் கால் பின்னால் போகப் பார்த்தது. அப்போது கடைசி வரிசையிலிருந்து நீ கத்தினாய், "உள்ள போ!"

போனேன். நேராக அவள் கைக்குள் போனேன். அடுத்து எனக்குத் தெரிந்தது ரிங்கின் தரைதான்.

விழுந்த இடத்திலிருந்து பார்த்தேன். நீ எழுந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தாய். கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. உனக்கு வாயை மூடத் தெரியும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். நடுவர் எண்ணுகிறார். மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. நீயும் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்திரு என்று யாராவது சொல்வார்கள் என்று நான் ஒரு நொடி படுத்தே கிடந்தேன் அண்ணா. யாரும் சொல்லவில்லை. பிறகு எனக்கே ரோஷம் வந்தது, எழுந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் உன் நாற்காலி காலி.

இடைவேளையில் மாஸ்டர், "அந்தக் குரல் யாரோடது?" என்று கேட்டார். என் அண்ணன் என்றேன். தண்ணீரைக் கொடுத்துவிட்டு, "நல்ல குரல்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் யார் குரலுக்கும் நிற்கவில்லை. குத்துவதற்கு முன்னால் அவள் தோள் லேசாக இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷமாக எல்லோருக்கும் அப்படி இறங்கியிருக்கும் போலிருக்கிறது, நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றதில் கண்ணைப் பயன்படுத்தவே இல்லை. ஒவ்வொரு தடவை தோள் இறங்கியபோதும் பின்னால் போனேன், உள்ளே வந்தேன். ஜெயித்தேன். என் வலது முழங்கையைப் பற்றிய உன் புகாரை மாஸ்டரிடம் சொன்னேன். உண்மைதான் என்றார்.

நீ சாப்பிடாமல் கிடக்கிறாய் என்று அண்ணி போனில் சொன்னார். மாடிப் பயிற்சிக்கூடத்தைப் பூட்டிவிட்டாயாம். "அவ விழுந்தது என்னாலதான், இனி அவ சண்டை நடக்கற பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்" என்றாயாம். அம்மா என்னிடம் பேசும்போது அழுகிறாள், உன்னிடம் பேசும்போதும் அழுகிறாளாம். நம் இரண்டு பேருக்கும் நடுவில் அவள் படுகிற பாட்டைப் பார்த்தால் அவளுக்குத்தான் பட்டம் கொடுக்க வேண்டும்.

நான் விழுந்தது உன்னால்தான். உனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அதை மறுத்துப் புளுக மாட்டேன். ஆனால் விழுந்த பிறகும் எழுந்து நிற்கிற கால் எங்கிருந்து வந்தது? கீழே மெஷின் அதிர அதிர, அந்த மாடியில் விடிந்தும் விடியாமலும் என்னை ஓடவிட்டது யார்? மௌனகுருவா? பூட்டைத் திற அண்ணா. அங்கே வருகிற மற்றப் பெண்களுக்கு உன் தொண்டை வேண்டும்.

எனக்கு இனி வேண்டாம். இதைக் கோபத்தில் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொல்கிறேன். மறு சண்டையிலும் மாஸ்டர்தான் என் மூலையில் நிற்பார். நீ கெஞ்சினாலும் அம்மா கெஞ்சினாலும் அது மாறாது.

ஆனால் நீ வர வேண்டும். மாறுவேஷம் போட்டு இல்லை, அண்ணனாக. போன தடவை ஜெயித்துவிட்டு இறங்கி வந்தபோது எல்லோரும் கை கொடுத்தார்கள். நான் கூட்டத்தில் உன்னைத் தேடித் தேடி ஏமாந்துபோனேன். ரிங்குக்குள் எனக்கு ஆள் இருக்கிறார். வெளியே வந்தால் எனக்கு யாரும் இல்லை. வீட்டுக்கார அம்மா மட்டும் வந்து பல்லைப் பார்த்துவிட்டுப் போனார்.

உனக்கும் அண்ணிக்கும் முன் வரிசையில் இடம் சொல்லி வைத்திருக்கிறேன். என் முகம் உனக்கு நன்றாகத் தெரிகிற இடம். கத்த வேண்டும் போல் இருந்தால் அண்ணியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள், அவர் பொறுத்துக்கொள்வார். கேட்டுவிட்டேன்.

நெட்டைக்காரியின் வலது கை லேசுப்பட்டதல்ல, நீயே பார்த்திருக்கிறாய். என் புருவம் மறுபடி கிழியலாம். நான் விழலாம். விழுந்தால் நீ எழுந்து நிற்காதே. ஓடி வராதே. என் பெயரைக்கூடச் சொல்லாதே. நடுவர் எண்ணுவார், அரங்கம் முழுவதும் கத்தும், நான் உன்னைத்தான் பார்ப்பேன். நானாக எழுந்து நிற்கிறவரை, உட்கார்ந்த இடத்திலேயே இரு அண்ணா. அது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

உன் வாழ்த்தை எதிர்பார்த்து,
உன் தங்கை