வடக்கு என்று எழுதினால் இரண்டு மதிப்பெண்

செப்டம்பர் 15, திங்கள்

காலையில் பேய்மழை. பொங்கோல் ஸ்டேஷனிலிருந்து பள்ளி வாசலுக்கு வருவதற்குள் செருப்பு ஊறிவிட்டது. பிறகு நாள் முழுக்க ஆசிரியர் அறைக் குளிரில் ஈரக் கால். ஒரு வார விடுமுறை போன இடம் தெரியவில்லை. புக்கிட் பாத்தோக்கில் குடியிருந்துகொண்டு தீவின் மறுகோடியில் வேலை பார்க்கிறேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

செய்ய வேண்டியவை: உயர்நிலை மூன்று விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுப்பது. உலக உருண்டையில் ஆஸ்திரேலியாமேல் எவனோ ஒட்டிய ஸ்டிக்கரைச் சுரண்டுவது. பல் டாக்டருக்கு போன். (செய்யவில்லை.)

தாள்களைக் கொடுத்தேன். 'புவியும் விண்வெளியும்' பாடத்தை அடுத்த ஆண்டும் தொடர அறுபது வேண்டும். ஷமீமாவுக்கு ஐம்பத்தெட்டு. போயும் போயும் அவளுக்கா. வகுப்பிலேயே பெரிய வாயாடி. நான் ஒன்று சொன்னால் அவள் ஒன்பது சொல்வாள். கொட்டாவியை மறைக்கக்கூடத் தெரியாது. மணி அடித்ததும் தாளைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசைமேல் போட்டாள்.

"டீச்சர், இது யாரு மார்க் பண்ணது? கண்ணு தெரியாதா அவருக்கு?"

"மரியாதையா பேசு."

"பதினோராவது கேள்விய பாருங்க. அப்புறம் மரியாதை குடுக்கிறேன்."

பார்த்தேன். ஜூன் மாத நண்பகலில் சிங்கப்பூரில் நட்டுவைத்த கம்பின் நிழல் எந்தத் திசையில் விழும், ஏன்? இரண்டு மதிப்பெண். தெற்கு என்று எழுதியிருக்கிறாள். கீழே காரணம்: ஜூனில் எங்கள் வீட்டு அடுக்களை ஜன்னலில் வெயில் வரும், அது வடக்குப் பக்கம், துணி சீக்கிரம் காயும், டிசம்பரில் வெயில் ஹாலுக்குப் போய்விடும். பக்கத்தில் சிவப்பு மையில் பெரிய பூஜ்யம்.

சரியான விடை தெற்குதான். ஜூனில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. நிழல் தெற்கே விழாமல் வேறு எங்கே போகும்? மற்றவர்களின் தாள்களையும் வாங்கிப் பார்த்தேன். அத்தனை பேரும் வடக்கு. அத்தனை பேருக்கும் இரண்டு.

உருண்டையைச் சுற்றிச் சுற்றிக் காட்டித் தொண்டை வற்றக் கத்தியவள் நான். ஒரு பிள்ளைகூட என்னை நம்பவில்லை, டியூஷன் நோட்ஸை நம்பியிருக்கிறார்கள். ஷமீமாவும் என்னை நம்பவில்லை. அடுக்களை ஜன்னலை நம்பியிருக்கிறாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

வெயில். தலைவலி.

அந்தக் கேள்வியை எல்லா வகுப்புக்கும் திருத்தியவர் எங்கள் துறைத் தலைவர், எச்.ஓ.டி. கருணாகரன். இனி க. முழுப் பெயரை எழுதக் கை வலிக்கிறது. கேள்வித்தாள் அவர் தயாரித்தது, விடைப்பட்டியலும் அவருடையது. தயாரித்தது என்பதே மரியாதைக்குச் சொல்வது. குளிர் நாட்டில் எங்கோ செய்து விற்கிற கேள்வித் தொகுப்பை வாங்கி, அந்த ஊர்ப் பெயர் வந்த இடமெல்லாம் சிங்கப்பூர் என்று மாற்றியிருக்கிறார். அந்த ஊரில் வருடம் முழுக்க நண்பகல் நிழல் வடக்கேதான் விழும். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். ஊர்ப் பெயரை மாற்றினால் சூரியனும் கூடவே மாறிவிடுமா?

அவர் மேசைக்குப் போனேன். காப்பியை ஊதிக்கொண்டே கேட்டார். எரிச்சல் என்னவென்றால், மனிதர் மறுக்கவே இல்லை.

"நீங்க சொல்றது கரெக்ட்தான் வசந்தி. நானும் அப்புறம்தான் பார்த்தேன்."

"அப்ப ஆன்சர் கீய மாத்துங்க."

"மாத்தினா அந்தப் பொண்ணுக்கு ரெண்டு மார்க் ஏறும். மத்த எல்லாருக்கும் ரெண்டு மார்க் இறங்கும். நாலு கிளாஸ். தாள் எல்லாம் வீட்டுக்குப் போயாச்சு. பேரண்ட்ஸ் வரிசையா வந்து நிப்பாங்க லா. நீங்க பேசுவீங்களா?"

"பேசுறேன்."

"நீங்க பேச மாட்டீங்க, சண்டை போடுவீங்க. அதான் எனக்கு பயம்."

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். யார் என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இன்னொரு சண்டை.

கூடவே ஒரு வேலையும் தலையில் கட்டினார். வெள்ளிக்கிழமை மற்றப் பள்ளிகளிலிருந்து ஆசிரியர்கள் வருகிறார்கள், என் வகுப்பைப் பார்க்க. அதே தொகுப்பிலிருந்து ஒரு பயிற்சித்தாள்: பகல் பன்னிரண்டு மணிக்குத் திடலில் கம்பு நட்டு, வடக்கே விழும் நிழலை வரைய வேண்டும். நம் ஊர்க் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது, பன்னிரண்டு மணிக்கு நிழல் மேற்கேதான் விழும், ஒரு மணிக்கு வைத்தால் இந்த வாரம் நிழலே இருக்காது, அதுவே பிள்ளைகளுக்கு அதிசயமாக இருக்கும் என்றேன்.

"ஒரு மணிக்கு அவங்களுக்கு லஞ்ச் புக் பண்ணியாச்சு," என்றார்.

செப்டம்பர் 17, புதன்

மதியம் காண்டீனில் என் முதுகுக்குப் பின்னால்: "ரெண்டு மார்க்குக்கு எவ்வளவு ஆட்டம் ஆடுது பாரேன்." ஆடுதாம். அஃறிணையாக்கிவிட்டார்கள். மீ சியாம் நூடுல்ஸில் உப்பு வேறு இல்லை.

பள்ளி முடிந்து லிட்டில் இந்தியாவில் இறங்கினேன். ஷமீமாவின் அம்மாவுக்கு டன்லப் ஸ்ட்ரீட் பக்கம் தையல் கடை. பெற்றோர் எழுதிக் கேட்டால் க. அசைந்துதான் ஆக வேண்டும். அதற்காகப் போனேனே தவிர, அந்தப் பெண்மேல் பாசம் பொங்கி அல்ல. சிராங்கூன் ரோட்டில் தீபாவளி விளக்குக் கட்டும் வேலை. பாதி நடைபாதையை மறித்திருந்தார்கள். மீதிப் பாதியில் செல்ஃபி எடுப்பவர்கள். முழங்கையால் இடித்துக்கொண்டுதான் போனேன்.

கடையில் துணி மலை. அந்த அம்மா மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை.

"வாங்கம்மா. தீபாவளிக்கு இனி பிளவுஸ் ஆர்டர் எடுக்கிறதில்ல."

"நான் ஷமீமாவோட டீச்சர்."

மெஷின் நின்றது. "ஓ, மார்க் போடாத டீச்சரா?"

நான் போடாததல்ல, வேறொருவர் திருத்தியது, உங்கள் மகள் எழுதியதுதான் சரி, ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள் என்று நின்றபடியே சொன்னேன். பொறுமையாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். முழுக்கக் கேட்டுவிட்டு அந்த அம்மா ஊசியில் நூல் கோத்தார்.

"சரியா எழுதினா மார்க் இல்ல, தப்பா எழுதினா மார்க். அப்படித்தான?"

"இந்த ஒரு கேள்வியில..."

"அப்ப எது எழுதினா மார்க் வரும்னு புள்ளைக்குச் சொல்லிக் குடுங்க டீச்சர். அதுக்குத்தான நீங்க இருக்கீங்க? இங்க பாருங்க, ஒரு அம்மா கொண்டுவந்த அளவு பிளவுஸ் அவங்களுக்கே பத்தாது. எனக்குத் தெரியும். ஆனா அந்த அளவுக்குத்தான் தைக்கணும். என் இஷ்டத்துக்குத் தைச்சா கடையில வந்து கத்துவாங்க."

கடிதம் எழுத மாட்டாராம். பள்ளியோடு சண்டை வேண்டாம் என்று ஷமீமாவின் வாப்பா சொல்லிவிட்டாராம். இவ்வளவு தூரம் வந்த என்னை ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்கவில்லை.

தேக்காவில் வஞ்சிரம் வாங்க நினைத்திருந்தேன். சந்தையில் மீன்கடைகள் மூடியிருந்தன. ஒன்றும் வாங்காமல் ரயில் ஏறினேன். உட்கார இடமில்லை. முதுகுப்பையைக் கழற்றாத ஒருவன் என் முகத்தில் இடித்துக்கொண்டே வந்தான். டோபி காட் வரும்வரை அவனை மனத்தில் திட்டியதில் கொஞ்சம் நிம்மதி.

செப்டம்பர் 18, வியாழன்

பகலில் ஒரே புழுக்கம்.

க. தானாகவே வந்தார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். பயப்படுகிற ஆளா அது!

"வசந்தி, ஒரு வழி இருக்கு. அந்தப் பொண்ணு ரிசல்ட்ட இன்னும் ஆபீஸுக்கு அனுப்பல. நாளைக்கு ஷோ முடிஞ்சதும் அதே கேள்விய மறுபடியும் எழுதட்டும். நீங்களே மார்க் பண்ணுங்க. உங்க ஸ்டூடண்ட்தானே."

"தெற்குன்னு எழுதினா?"

"எக்ஸ்பிளனேஷன் ஒழுங்கா இருந்தா போடுங்க. நான் கேக்க மாட்டேன்."

"போட்டா உங்க கீ தப்புன்னு ஆகும். அடுத்த வருஷம் அந்தக் கேள்விய எடுக்கணும்."

"எடுத்துட்டா போச்சு."

இரண்டு முறை கேட்டு உறுதி வாங்கிக்கொண்டேன். பல நாளுக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தது. சரியான விடைக்கு மதிப்பெண், என் கையெழுத்தோடு, பள்ளிக் கோப்பில். அதன்பிறகு அந்தத் தொகுப்பைத் தூக்கிக் குப்பையில் போடச் சொல்லலாம். க.வின் முகத்துக்கு நேரே சொல்லலாம்.

ஷமீமாவைக் கூப்பிட்டு உருண்டையையும் டார்ச்சையும் வைத்து மறுபடி காட்டினேன். வட்டம், கோடு, கதிர், எல்லாம் படமாக வரையச் சொன்னேன். "அடுக்களை, துணி எல்லாம் வேண்டாம், படத்தோட எழுது" என்றேன். புத்திசாலி. ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். அதுவும் எரிச்சல்தான், இத்தனை மூளையை வைத்துக்கொண்டா ஐம்பத்தெட்டு வாங்குவது?

போகும்போது கேட்டாள்: "டீச்சர், கண்டிப்பா சவுத்துக்கு மார்க் உண்டா?"

"உண்மை எதுவோ அதை எழுது."

"நான் கேட்டது அது இல்ல," என்றாள். பஸ் வந்துவிட்டது என்று ஓடிவிட்டாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

நல்ல வெயில். மேகமே இல்லை. மழை பெய்து எல்லாம் ரத்தாகட்டும் என்று வேண்டியது பலிக்கவில்லை.

திடலில் பத்துப் பதினைந்து விருந்தினர். எல்லோர் கழுத்திலும் அட்டை, எல்லோர் கையிலும் நாங்கள் கொடுத்த தண்ணீர் பாட்டில். கம்பைப் பிடிக்க ஷமீமாவை நிறுத்தினேன். பன்னிரண்டு மணிக்கு நிழல் ஒரு சாண் நீளத்துக்கு அழகாக மேற்கே விழுந்தது. கையில் திசைகாட்டி இருக்கிறது, கண் எதிரே நிழல் இருக்கிறது. "பார்த்ததை வரையுங்க" என்று மூன்று தடவை சொன்னேன்.

தாள்களைச் சுற்றி வந்து பார்த்தேன். ஸ்கேல் வைத்து நேர்க்கோடு போட்டு, வடக்கே நிழல். ஒருவன் பின் ஒருவனாக, வரிசையாக வடக்கு. ஒரே ஒருவன் நிழலைச் சரியாகப் பார்த்து வரைந்திருந்தான். முதுகில் தட்டிக்கொடுக்கக் கையைத் தூக்கினேன். தாளின் மூலையில் இருந்த வடக்கு அம்புக்குறியை ரப்பரால் அழித்து, மேற்குப் பக்கம் திருப்பிப் போட்டிருந்தான், விடை பொருந்துவதற்காக. தூக்கிய கையால் என் தலையைச் சொறிந்துகொண்டேன்.

விருந்தினர்களில் ஒருவர் படங்கள் மிகச் சுத்தமாக இருப்பதாகப் பாராட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். க. தலை குனிந்து நன்றி சொன்னார். கீழே கிடந்த நிழலை ஒருவரும் பார்க்கவில்லை. இவர்களும் அறிவியல் ஆசிரியர்கள். எனக்கு அழுகைதான் வந்தது, ஆனால் கோபமாக முகத்தை வைத்துக்கொண்டால் யாரும் கண்டுபிடிப்பதில்லை. கம்பைப் பிடித்தபடி ஷமீமா எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் சாப்பிடப் போனதும் ஆய்வுக்கூடத்தில் தாளைக் கொடுத்தேன். சீக்கிரமே எழுதி முடித்து நீட்டினாள்.

வடக்கு. கீழே காரணம், டியூஷன் நோட்ஸில் உள்ளபடி, எழுத்துப் பிசகாமல். படமும் இருந்தது, சூரியனைத் தெற்கே போட்டிருந்தாள்.

"என்னடி இது?"

"விடை."

"நேத்து என்ன சொல்லிக் குடுத்தேன்?"

"டீச்சர், சவுத்துன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அது போதும் லா. எனக்கு ரெண்டு மார்க் வேணும்."

"தெற்குன்னு எழுதினாலும் போட்டிருப்பேன். எச்.ஓ.டி.கிட்ட சொல்லி உறுதி வாங்கி வச்சிருந்தேன்."

"நீங்க போட்டிருப்பீங்க. அவங்க விட்டிருப்பாங்களா? இப்ப வெளியில அத்தன பேரு தப்பா வரைஞ்சாங்க. நீங்க என்ன செஞ்சீங்க? சும்மாதான நின்னீங்க."

பையை மாட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு இந்தப் பாடம் பிடிக்கும் டீச்சர், வேற எதுவும் அவ்வளவா பிடிக்காது, என்று மெதுவாகச் சொன்னாள். மூன்று ஆண்டில் முதல் தடவையாக என்னிடம் மெதுவாகப் பேசியிருக்கிறாள். பூஜ்யம் போட்டால் உண்மை என் பக்கம். ஆனால் அடுத்த ஆண்டு அவள் இந்த வகுப்பில் இருக்க மாட்டாள். நிழலே பார்க்காத அத்தனை பேரும் இருப்பார்கள்.

இரண்டு போட்டேன். பக்கத்தில் என் கையெழுத்து.

அவள் போன பிறகு க. வந்து வாசலில் நின்றார். "என்ன எழுதியிருக்கா?"

தாளை நீட்டினேன். வடக்கைப் பார்த்தார், இரண்டைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார். கோப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தால் திட்டவாவது செய்திருப்பேன்.