என் பெயரில் ஒரு வரிக் கோப்பு

வெள்ளவத்தை,
2025 மே 6

அன்புள்ள பர்ஹாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உறுதியான செய்தியை முதலில் எழுதுகிறேன். இன்று காலை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குப் போய், ஐறீன் என்ற அதிகாரியிடம் நேரிலேயே கேட்டேன். வெளிநாட்டுக்கு வேலை செய்து வங்கி வழியாக வரும் காசுக்கு இதுவரை வரி இருக்கவில்லை. ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து இருக்கிறது. ஆளுக்கு ஆண்டுக்குப் பதினெட்டு இலட்சம் விலக்கு. அதற்கு மேல் முதல் பத்து இலட்சத்துக்கு ஆறு வீதம், மிச்சத்துக்குப் பதினைந்து.

லண்டன் பதிப்பகத்தின் சிறுவர் புத்தகங்களுக்கு நான் வரையும் படங்களின் காசு, ஆரம்பத்தில் என்னிடம் வங்கிக் கணக்கு இல்லாததால், உங்கள் கணக்குக்கே வருகிறது. வரி இல்லாதவரை அது யாருடைய வருமானம் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஐறீன் கேட்டார்: "வேலை செய்யிறது ஆர், நீங்களோ அவரோ?" "நான்தான்" என்றேன். "அப்ப கோப்பும் உங்கட பேரிலதான்."

வரி அடையாள இலக்கத்துக்கு விண்ணப்பித்துவிட்டேன். பர்ஹாவுக்குக் காய்ச்சல் விட்டது.

சஹ்லா

டோஹா,
2025 மே 17

சஹ்லாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். மகளுக்குக் காய்ச்சல் விட்டது ஆறுதல். மற்றது ஆறுதல் இல்லை.

முயலுக்குச் சட்டை மாட்டி நீ வரைவதற்கு லண்டன்காரன் காசு தருவதே அதிசயம். அதில் அரசாங்கத்துக்கும் பங்கு என்றால் கொடுப்போம். ஆனால் என் பெயரில். என் வாடகை வருமானத்தோடு சேர்த்து எழுதலாம் என்று கணக்காளர் ஷிப்லி சொல்கிறார். உன் பெயரில் கடிதம் வந்தால் உம்மா கையில்தான் கிடைக்கும். அஸர் தொழுகைக்கு முன் ஒழுங்கையில் அக்கம்பக்கம் முழுக்கத் தெரிந்துவிடும், நுஸ்கி மனைவியின் உழைப்பில் இருக்கிறான் என்று.

விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கு. முடியாதென்றால் வீட்டுச் செலவையும் நீயே பார்த்துக்கொள்.

நுஸ்கி

வெள்ளவத்தை,
2025 மே 30

பர்ஹாவின் வாப்பாவுக்கு,

இலக்கம் நேற்று வந்தது. நீங்கள் பயந்தபடியே மாமிதான் உறையை வாங்கினார். "என்னத்துக்கு புள்ள ஒனக்கு வரிக் கந்தோர் கடதாசி? அவன் ஈக்கிறானே" என்றார். விளக்கினேன். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வரி கேக்குற அளவுக்கு வருதா? பொறகு ஏன் இந்த ஓட்ட ஃப்ரிட்ஜ மாத்தாம ஈக்கிற?" அவ்வளவுதான். ஒழுங்கைக்கு எதுவும் போகவில்லை.

ஒவ்வொரு நோன்பிலும் ஸகாத் தர்மத்துக்குக் கணக்குப் பார்க்கும்போது, "உன்ட உழைப்புக்கு நீதான் குடுக்கணும்" என்று என்னுடையதை வேறாகப் போடச் சொல்பவர் நீங்கள். அல்லாஹ்விடம் என்னுடையதாக இருக்கும் காசு திணைக்களத்திடம் மட்டும் எப்படி உங்களுடையதாகும்? டோஹாவில் இருக்கும் நீங்கள் வெள்ளவத்தையில் முயல் வரைந்ததாக எழுத நான் விடமாட்டேன்.

மார்க்கத்தில் வீட்டுச் செலவு யார் கடமை என்பதும் உங்களுக்குத் தெரியும். அதை ஒரு கோபத்தில் எழுதியதாக எடுத்துக்கொள்கிறேன்.

சஹ்லா

வெள்ளவத்தை,
2025 ஜூலை 8

பர்ஹாவின் வாப்பாவுக்கு,

பெருநாளன்று மாமியோடும் மகளோடும் தொலைபேசியில் கதைத்தீர்கள். என்னைக் கேட்கவில்லை. ஜூன் செலவுக்காசும் வரவில்லை. கறண்ட் பில்லும் மகளின் பள்ளிக்கூட வேன் காசும் நான் கட்டினேன். மாமிக்குச் சொல்லவில்லை.

ஜூலையிலிருந்து பதிப்பகத்தின் காசு என் கணக்குக்கு வரும். அவர்களின் உறுதிப்படுத்தல் நேற்றுக் கிடைத்தது.

மீதியிருப்பது இது. ஏப்ரல் முதல் ஜூன் வரை நான் உழைத்தது உங்கள் கணக்கில் இருக்கிறது. அதற்கான முதல் தவணை வரிக்குக் கடைசி நாள் ஆகஸ்ட் பதினைந்து. காசை அதற்கு முன் அனுப்பினால் அதில் கட்டுவேன். அனுப்பாவிட்டாலும் அன்றைக்குக் கட்டுவேன். அதற்குப் பிறகு அந்தக் காசைப் பற்றியோ வீட்டுச் செலவைப் பற்றியோ உங்களிடம் கேட்கமாட்டேன்; கேட்க வேண்டியதற்கெல்லாம் நீங்கள் அனுப்பியதோ அனுப்பாததோ, அதுவே பதிலாக இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே வெயில் கூட என்று மகள் சொன்னாள்.

சஹ்லா