சிவக்காத முகம்

14.7.2011, வியாழன்

ஸ்டெல்லா போன மாதம் கைத்தடியோடு வந்தாள். இன்று அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பின் உறையை அரிக்கும் நோய். எங்கள் மருந்துச் சோதனையில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது டாக்டரான எனக்கும் தெரியக் கூடாது. மருந்து, செல்லுக்குள் சர்க்கரை எரியும்போது உண்டாகும் ஒரு பொருளிலிருந்து செய்தது. சாப்பிட்டால் முகம் சிவக்கும். அதை எப்படி மறைப்பது?

“வெளியில உக்காந்திருக்கிற ஆன்ட்டிக்கு மாத்திரை போட்டா மூஞ்சி தக்காளியா ஆவுதாம் மேடம். நாலு மாசமா எனக்கு ஒண்ணுமே ஆவலை. எனக்குக் குடுக்கிறது சும்மா மாத்திரையா?”

“எனக்கும் தெரியாதும்மா. எல்லாருக்கும் சிவக்கணும்னு இல்லை.”

இரண்டும் பொய்யில்லை. சோதனைக்கு விதியை எழுதியவர்கள் அவள் எதிரே ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று நினைவுபடுத்தச் சொல்வதும் அதே விதிதான். அதை மட்டும் நான் சொல்லவில்லை. ஏற்கெனவே ஆறு பேர் விலகிவிட்டார்கள், இவளும் போனால்...

ஸ்டெல்லா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நக்கோ மேடம், ஒண்ணும் சொல்ல வேணாம், விடுங்க. உங்களுக்கு ஏன் மூஞ்சி சிவக்குது?”

அடுத்த மாதத்து டப்பாவை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.