பச்சை வந்தவர்கள்

ஜூன் 9, 2025

இல்லை, கேட்கவில்லை. நாலாயிரத்து இருநூறு இருமல்களில் என் காதால் கேட்டது முப்பது இருந்தால் அதிகம். மற்றவற்றைப் பார்த்திருக்கிறேன், படங்களாக. ஒலியை நிறப்பட்டையாக மாற்றி அடுக்கிவிட்டால் யாரும் கேட்க வேண்டியதில்லை. எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

யூசுப் விளையாட்டாகத்தான் கேட்டான். எதிர் மேசை, ஆம்பூர்க்காரன். இலையின் படத்தைப் பார்த்து மிளகாய்ச் செடியின் நோயைச் சொல்லும் கணினி மாடல் அவனுடையது. எங்கள் ஆய்வகத்தில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு மேசை. மிளகாய் இலை, பாலத்து விரிசல், கோர்ட் தீர்ப்புகள், என் இருமல். அடியில் ஓடுவது ஏறக்குறைய ஒரே நிரல்.

இன்று அவன் மாடல் கவிழ்ந்தது. நோய் வந்த இலைகளை விவசாயிகள் பறித்து, உள்ளங்கையில் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். நல்ல இலைகளைச் செடியிலேயே விட்டுப் படம் எடுத்திருக்கிறார்கள்.

"ரெண்டு வருஷமா அது இலையைப் பாக்கவே இல்ல வேதா. கையைப் பாத்து ஜோசியம் சொல்லிட்டு இருந்திருக்கு."

சிரித்தோம். டீ குடித்தோம். அதற்கப்புறம்தான் அந்தக் கேள்வி, உன் இருமல்களை நீ கேட்டிருக்கிறாயா என்று.

அடுத்த திங்கள் ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில் ஒரு தொண்டு மருத்துவமனையில் என் மாடல் வேலைக்குப் போகிறது. காசநோய்க்கான சளிப் பரிசோதனைக் கருவி அங்கே ஒன்றுதான். அதில் போடும் கார்ட்ரிட்ஜுக்கு எப்போதும் தட்டுப்பாடு. இனி வருகிறவர்கள் முதலில் ஒரு போனில் மூன்று முறை இருமுவார்கள். சிவப்பு வந்தால் சளிப் பரிசோதனை. பச்சை வந்தால் இருமல் மருந்தோடு வீட்டுக்கு.

ஐந்து வருடம். ஆய்வேட்டில் பாக்கி இந்த ஒரு அத்தியாயம்.

ஜூன் 10

காலையிலிருந்து ஹெட்போன். காது வலிக்கிறது.

நோயுள்ளவர்களின் பதிவுகளில், இருமலுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி. அதில் ஒரு ரீங்காரம். நோயில்லாதவர்களிடம் அது இல்லை.

நெஞ்சிலிருந்து வருகிற சத்தமில்லை அது.

ஜூன் 11

இருமல்களை வெட்டி எறிந்தேன். மிஞ்சிய இடைவெளிகளை மட்டும் மாடலுக்குக் கொடுத்தேன். யாரும் இருமாத அரை நொடிகள்.

காசநோய் யாருக்கென்று சரியாகச் சொன்னது, தொண்ணூற்று மூன்று சதவீதம்.

மறுபடி கொடுத்தேன். தொண்ணூற்று நான்கு.

பிறகு, உண்மையில் நோயுள்ளவர்களின் இருமலிலிருந்து அந்த ரீங்காரத்தை நீக்கிக் கொடுத்தேன். ஒவ்வொருவராகக் குணமானார்கள்.

ஜூன் 13

ஜீடிமெட்லா போனேன். போவன்பள்ளியில் காய்கறி லாரிகளுக்கு நடுவே பஸ் முக்கால் மணி நேரம் நின்றது. திரும்பிவிடலாமா என்று இரண்டு முறை நினைத்தேன்.

ஜலஜா அக்கா அங்கே நர்ஸ். மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிற தமிழ்க் குடும்பம். நாலாயிரத்து இருநூறையும் பதிவு செய்தவர் அவர்தான். எங்கே வைத்துப் பதிவு செய்தீர்கள் என்று கேட்டேன். கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப் போனார். வராண்டா. ஒரு பெஞ்சு. பெஞ்சை ஒட்டி ஆள் உயரத்துக்கு ஒரு ஏர் கூலர், ஹெட்போனில் கேட்ட அதே ரீங்காரத்தோடு.

"ரொம்ப இருமறவங்கள உள்ள வெச்சுக்க நக்கோ, வேணாம்னு டாக்டர் சொன்னாரு மா. மத்தவங்களுக்கு ஒட்டிக்கும்ல. அதான் அவங்கள மட்டும் காத்தாட இங்க உக்கார வெச்சு எடுத்தேன். லேசா இருமறவங்களுக்கு உள்ள. ஏன் மா, தப்பாயிருச்சா?"

"இல்லக்கா. நீங்க சரியாத்தான் செஞ்சீங்க."

சரியாகத்தான் செய்தார். படிவம் தயாரித்தவள் நான். வயது, எடை, எத்தனை நாள் இருமல், பீடி உண்டா. எந்த இடத்தில் பதிவு செய்தது என்று கேட்க ஒரு கட்டம் வைக்கத் தோன்றவில்லை. ஐந்து வருடத்தில் இந்த வராண்டாவை இன்றுதான் பார்க்கிறேன்.

திங்கள் முதல் எல்லோரும் முன்னறை மேசையில் இருமப் போகிறார்கள். அங்கே கூலர் கிடையாது. யார் இருமினாலும் பச்சைதான் வரும்.

ஜூன் 14

பத்ரிநாராயணன் சாரிடம் சொன்னேன். என் வழிகாட்டி. எல்லாவற்றையும் போட்டுக் காட்டினேன். கடைசிவரை பார்த்தார். புரியாமல் இல்லை, அதுதான் கஷ்டம்.

"ஒரு கூலருக்காக அஞ்சு வருஷத்தத் தூக்கிப் போடுவியா? டாக்டர் பட்டம் வாங்க வந்தியா, திருப்பிக் குடுக்க வந்தியா?"

எந்தத் தரவில்தான் இரைச்சல் இல்லை என்றார். இதழுக்கு அனுப்பிய கட்டுரையில் குறைபாடுகள் பகுதியில் ஒரு வரி சேர்த்துவிடலாம், இந்த பைலட் சோதனை முடிந்ததும் புதிதாகப் பதிவு செய்யலாம், இப்போது நிறுத்தினால் இந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரியும் நமக்குக் கதவு திறக்காது.

கெட்டவர் இல்லை. நான் டெங்குவில் படுத்தபோது பத்து நாள் அவர் வீட்டிலிருந்துதான் சாப்பாடு வந்தது.

சரி சார் என்றேன்.

ஏன் என்றேன்?

ஜூன் 16

தொடங்கிவிட்டது. இருபத்து மூன்று பேர். இருபத்து மூன்றும் பச்சை. ஆய்வகத்தின் போன் குழுவில் சார் கைதட்டும் படம் போட்டிருக்கிறார்.

ஜூன் 27

பைலட்டை மேற்பார்வை பார்க்க அனுப்பினார்கள். மேற்பார்வை.

வரிசையில் ஒருவர் நானும் ஜலஜா அக்காவும் பேசுவதைக் கேட்டுவிட்டுக் கிட்டே வந்தார். சம்பந்தம் என்று பெயர். செய்யாறு பக்கம். இங்கே மாத்திரைக் கம்பெனியில் காண்டிராக்ட் வேலை, ஒரே அறையில் ஆறு பேர். நான்கு மாதமாக இருமல். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நின்றது.

இருமினார். போன் யோசித்தது. பச்சை.

"அப்ப ஒண்ணும் இல்லதானம்மா? ஊருக்குப் போவலாமா? கொழந்தைக்கு ஒண்ணர வயசு. இருமலா கீதேன்னு நாலு மாசமா போவவே இல்ல. ஆடிக்கு வா வான்னு வீட்ல உயிர எடுக்கறா."

ஜலஜா அக்கா என்னைப் பார்த்தார். நான் படித்தவள் அல்லவா.

"மிஷின்ல பச்சை வந்திருக்குங்க" என்றேன்.

ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. போகலாம் என்றும் சொல்லவில்லை. மிஷின்ல பச்சை வந்திருக்கு. எவ்வளவு சுத்தமான வாக்கியம். அதைச் சொல்லும்போது தலையும் ஆட்டினேன். அதைத்தான் அவர் எடுத்துக்கொண்டு போனார்.

ஜூலை 4

நான் தங்கியிருக்கும் ஹப்சிகுடா தெரு முழுக்க போனாலு அம்மன் திருவிழா மேளம். ஒரு வரி எழுதவில்லை. ஒரு வரி படிக்கவில்லை.

ஜூலை 11

எல்லாத் துறையிலும் இப்படித்தான் இருக்குமோ? பாலத்துக்கும், தீர்ப்புக்கும்? தெரிந்துகொள்ள ஆசையில்லை.

ஜூலை 18

நிதி தருகிறவர்கள் வந்தார்கள். சார் பேசினார். ஐந்து வாரத்தில் சளிப் பரிசோதனைகள் எண்பது சதவீதம் குறைந்திருக்கின்றன, மிச்சமும் போனில் இருமாத உள்நோயாளிகளுக்கு எடுத்தவை. கைதட்டல்.

குறைந்தது பரிசோதனை. நோய் குறைந்தது என்று யாரும் சொல்லவில்லை. குறையவில்லையா என்று யாரும் கேட்கவும் இல்லை. நான் ஸ்லைடு மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 20

யூசுப்பிடம் சொன்னேன். கட்டுரையில் அவன் பெயரும் இருக்கிறது, மூன்றாவதாக. ரொம்ப நேரம் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினான்.

"என் இலை தப்பாப் போனா ஒரு வயல் போகும். உன்னுது... கைக்கு, ஏன் இத்தன நாள் வாயத் தொறக்கல நீ?"

பயம் என்றால் எதற்குப் பயம்? பட்டமா, சாரா, அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பதா? ஒவ்வொன்றாகப் பார்த்தால் எதுவும் அவ்வளவு பெரிதாக இல்லை.

தன் பெயரை எடுத்துவிடச் சொல்லவில்லை. அனுப்பு என்றான்.

ஜூலை 21

மருத்துவமனை டாக்டருக்கும் கட்டுரையை ஏற்ற இதழுக்கும் எழுதினேன். சாருக்கு நகல். எட்டு வரி. எட்டு வரி எழுத முப்பத்தேழு நாள்.

ஜூலை 22

சார் சத்தம் போடவில்லை. "வேற கைடு பாத்துக்கோ, மா" என்றார். இன்னமும் மா.

ஜூலை 31

பைலட் நின்றது. டாக்டர் என்னைத் திட்டக்கூட இல்லை. ஒரு பட்டியலை நீட்டினார். பச்சை வந்து வீட்டுக்குப் போனவர்கள், அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவரையும் திரும்ப வரவழைக்க வேண்டும். பாதிப் பேர் காண்டிராக்ட் ஆட்கள்.

ஜலஜா அக்காவும் நானும் ஆளுக்குப் பாதி.

ஆகஸ்ட் 5

என் தெலுங்கு போதவில்லை. நோய் இல்லை என்றீர்கள், இப்போது ஏன் வரச் சொல்கிறீர்கள்? ஒரு நாள் கூலியை யார் தருவார்? கேட்பவர்களாவது இருக்கிறார்களே. பல எண்கள் உபயோகத்தில் இல்லை. ஒரு எண்ணில் அழுதுகொண்டே ஒரு பெண் ஏதோ சொன்னாள். ஜலஜா அக்கா போனை வாங்கிக் கேட்டார். பெயரை அடித்துவிட்டு, அடுத்ததைப் பண்ணு என்றார்.

சம்பந்தத்தின் போன் அணைந்தே இருக்கிறது.

ஆகஸ்ட் 12

சம்பந்தம் வந்தார். ஊரிலிருந்து நேற்றுத்தான் திரும்பினாராம். இரண்டு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தார். சளியில் நோய் இருக்கிறது.

"அன்னிக்கு பச்சதான வந்துச்சு? நீகூட இருந்தியேம்மா."

சொன்னேன். மிஷின் இருமலைக் கேட்கவே இல்லை, அது என் தப்பு, உங்களுக்குப் பச்சை வந்த அன்றே எனக்குத் தெரியும் என்று. கூலரைப் பற்றியும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். என் பேச்சில் அவருக்குத் தேவையானது எதுவும் இல்லை போல.

"பதினெட்டு நாள் இருந்தேன். ராவெல்லாம் கொழந்தைய நெஞ்சு மேல போட்டுத்தான் தூங்க வெச்சேன்."

பரிசோதனைச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "ஒண்ணர வயசுக்குச் சளி எப்பிடிம்மா எடுப்பாங்க?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. ஐந்து வருடம் இதே நோயில் வேலை செய்திருக்கிறேன். தெரியவில்லை. டாக்டர்தான் சொன்னார், குழந்தைகள் சளியை விழுங்கிவிடும், மூக்கு வழியாகக் குழாய் போட்டு வயிற்றிலிருந்து எடுப்பார்கள் என்று. சம்பந்தம் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 13

அவருடைய ஊர் அரசு மருத்துவமனைக்குக் கடிதம் எழுதி டாக்டரிடம் கையெழுத்து வாங்கினேன். மனைவி, குழந்தை, இருவர் பெயரும் வயதும். அறையில் உள்ள ஐந்து பேருக்கும் சளி டப்பா கொடுத்தேன். மனைவிக்கு நானே போன் செய்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாளைக்கே போகச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள், சொன்னேன். பிறகு பட்டியலில் அடுத்த எண்ணை அழைத்தேன்.