சந்தனம் பூசிய அலாரம்

மேகலா,

அத்தையைப் பதுளை கிளினிக்குக்கு நம்ம காரிலேயே கூட்டிப் போ. அவங்க முழங்காலுக்கு பஸ் ஆகாது. “இந்தக் கத்துற சனியன்ல நான் ஏறமாட்டேங்க” என்று நீ சொன்னாய். இனிக் கத்தாது.

நீ கதவை அறைந்து சாத்துவதால்தான் அலாரம் அடிக்கிறது என்று நேற்று பெரிய மெக்கானிக் மாதிரி சண்டை பிடித்தேன். விடிந்ததும் பொனட்டைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருக்கிற அலாரம் சுவிட்சுக்கும் ஆயுத பூஜையன்று பக்தியோடு சந்தனம் அப்பியிருக்கிறேன். அது இறுகிப்போய், பொனட்டை மூடினாலும் சுவிட்ச் அமுங்கவில்லை; பொனட் திறந்திருக்கிறதென்று நினைத்து அலாரம் கத்தியிருக்கிறது. சுரண்டி எடுத்துவிட்டேன். பூட்டிப் பார்த்தேன், சத்தமில்லை.

அப்படியும் கத்தினால் ரிமோட்டில் பூட்டைத் திறக்கிற பொத்தானை அமுக்கு. சாவி அரிசி டின் மேல். ரொட்டி மூடி வைத்திருக்கிறேன்.

சீலன்

அடியில் இடமிருப்பதால்: சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்ததும் என்னைத் திட்டவாவது செய். நேற்றிலிருந்து நீ பேசாத வீட்டுக்கு அந்த அலாரமே தேவலை.