துஷி எழுதிய இதழ்

ஜூன் 12, வியாழன்

காலையிலிருந்து மழை. மவுண்ட் ஆல்பர்ட் ரயில் ஸ்டேஷனில் குடை திரும்பிக்கொண்டு ஒரு கம்பி போயிற்று. நான் வேலை பார்க்கும் எப்சம் கண்ணாடிக் கடையில் இன்று கண் பரிசோதனைக்கு வந்த பெரியவர் ஒருவர் எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டுமாம். வேறு பலகை போட்டேன். தடுமாறினார். கோபித்துக்கொண்டார்.

வேலை முடிந்து நகரத்துக்குப் போய், காமிக்ஸ் கடையில் இந்த மாத இதழ் வாங்கினேன். அட்டையின் அடியில் சின்ன எழுத்தில் துஷ்யந்தியின் பெயர். என் துஷி. கதை அவளுடையது. அங்கேயே நின்று அந்தப் பெயரை விரலால் தடவிப் பார்த்தேன். எத்தனை வருடமாக எழுதி எழுதி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் சிநேகமானதே இந்தக் கடையில்தான், இந்த இதழால்தான். விரல் உயரப் பிளாஸ்டிக் சிப்பாய்களை விற்பதற்காக ஆரம்பித்த சண்டைக் கதை. நாற்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள் மாதாமாதம் அதற்காகக் காத்திருக்கிறோம் என்றால் வெளியில் சொல்லவே கூச்சம். அவள் யாழ்ப்பாணம், சின்ன வயதில் இங்கே வந்தவள். நான் திருச்சி, கல்யாணத்துக்கு அப்புறம் வந்தவள்.

ரயிலிலேயே படித்து முடித்தேன்.

நன்றாக இல்லை.

ஜூன் 13, வெள்ளி

து.விடமிருந்து மெசேஜ்: “வாசிச்சிட்டியே?” பதில் போடவில்லை. பால் வாங்க மறந்து தெருமுனை டெய்ரிக் கடைக்குத் திரும்ப நடந்தேன். அப்போதும் போடவில்லை.

எது சரியில்லை? எனக்காக எழுதி வைக்கிறேன்.

கதையில் வரும் சிப்பாய் அணியின் ஐந்து பேரும் ஒரு தீவில் மாட்டிக்கொள்கிறார்கள். படகில் நான்கு பேருக்குத்தான் இடம். ஒரு பக்கம் முழுக்க ஐந்து முகங்கள் மட்டும், வசனமே கிடையாது. இதுவரை பிரமாதம். மூச்சைப் பிடித்துக்கொண்டு புரட்டினால் ஹெலிகாப்டர். யாரும் கூப்பிடவில்லை. எங்கிருந்தோ வருகிறது, எல்லோரையும் ஏற்றிக்கொள்கிறது. மீதிப் பக்கமெல்லாம் அதுதான். மேலே ஹெலிகாப்டர், பக்கவாட்டில் ஹெலிகாப்டர், சூரியன் முன்னால் ஹெலிகாப்டர்.

அதே ஹெலிகாப்டரைப் பொம்மைக் கடை அலமாரியில் போன வாரம் பார்த்தேன். பெட்டி புதுசு. ஆக, கம்பெனிக்காரர்கள் திணித்திருக்கிறார்கள். பாவம் து.

மகள் நிலாவிடம் யோசனை கேட்டேன். நல்லா இருக்குன்னு சொல்லிடும்மா, அவங்க உன் ஃப்ரெண்டுதானே என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். பதின்மூன்று வயதில் எல்லாமே சுலபம்.

ஜூன் 15, ஞாயிறு

பிளாக்ஹவுஸ் பேயில் து. வீட்டு மதியச் சாப்பாடு. கொஞ்சம் வெயில். அவள் கணவர் ரமணன் அட்டையைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருந்தார். புட்டு, கணவாய்க் கறி. வந்தவர்கள் எல்லோரும் வாழ்த்தினார்கள், படத்துக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை.

ரமணனின் மாமா ஒருவர் இதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஊரில சண்டையைப் பாத்தது போதாதே பிள்ளை, இருந்து எழுதவும் வேணுமே?”

“இந்தச் சண்டையில சாகிறவை எல்லாரும் அடுத்த மாதம் திரும்பி வருவினம், மாமா,” என்றாள் து.

எல்லோரும் சிரித்தோம். மாமா மட்டும் சிரிக்கவில்லை. இதழை மெதுவாக மேசையில் வைத்தார்.

பாத்திரம் கழுவும்போது து. பக்கத்தில் வந்து நின்றாள். நீ ஒன்றும் சொல்லவில்லையே என்றாள். கூட்டமாக இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்றேன். சரி என்று துணியை எடுத்துத் தட்டைத் துடைக்கத் தொடங்கினாள். புரிந்துகொண்டுவிட்டாள். கிளம்பும்போது ஐஸ்கிரீம் டப்பாவில் கணவாய்க் கறி கொடுத்தாள். பதில் சொல்லாதவளுக்கு அது வேறு.

ஜூன் 17, செவ்வாய்

சாயங்காலம் து. நேரே வீட்டுக்கே வந்துவிட்டாள். டீ போட்டேன். ஈரக் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.

சொன்னேன். முகங்கள் வரும் பக்கத்தை முதலில் சொன்னேன், அது உண்மை என்பதால். அப்புறம் ஹெலிகாப்டர். உன் தப்பில்லை, விற்கிறவர்கள் திணித்தால் நீ என்ன செய்வாய் என்றேன். நான் நல்லவளாக இருக்கப் பார்த்தேன்.

டீக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

“இல்லை கீதா. ஹெலிகாப்டர் நான் கேட்டு வாங்கினது.”

அப்புறம் மெதுவாகச் சொன்னாள். அவள் முதலில் எழுதி அனுப்பிய கதைச் சுருக்கத்தில் ஹெலிகாப்டரே இல்லையாம். நான்கு பேர் படகில், ஒருவர் கரையில். எடிட்டருக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. முழுசாக எழுத உட்கார்ந்தபோது, கரையில் நிற்பது யார் என்ற இடத்தில் வாரக்கணக்காக நின்றுவிட்டாள். புதுப் பொம்மை வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, அதைக் கதைக்குள் கொண்டுவரலாமா என்று இவளே கேட்டிருக்கிறாள். கம்பெனிக்கு ஒரே சந்தோஷம். எடிட்டருக்கு இல்லை.

“நாங்கள் வள்ளத்திலதான் ஊரை விட்டு வெளிக்கிட்டனாங்கள். எல்லாருக்கும் இடமிருக்கேல்லை.”

அதற்கு மேல் சொல்லவில்லை. இத்தனை வருடப் பழக்கத்தில் இதை ஒருநாளும் சொன்னதில்லை. யார் என்று நானும் கேட்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது, ஆனால் பிடித்துக்கொள்ளவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

கோட் பட்டனைப் போட்டுக்கொண்டே கேட்டாள்: “எண்டாலும் கதையா அது சரியில்லை, என்ன?”

இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

“ஆமா துஷி. சரியில்ல.”

“ஓம்,” என்றாள். போய்விட்டாள்.

ஜூன் 19, வியாழன்

து. மெசேஜ் இல்லை. நேற்றும் இல்லை. கார் டயரில் காற்று குறைவு. மின்சார பில்.

அந்தப் பெரியவர் கண்ணாடி வாங்க வந்தார். போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். நன்றி சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

இதழை மறுபடி படித்தேன். இப்போது அந்த ஹெலிகாப்டர் எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறது. தெரிந்த பிறகும் அது மோசமாகத்தான் இருக்கிறது. காசு கொடுத்து வாங்குகிற எவனுக்கும் இது தெரியப்போவதில்லை. இணையத்தில் ஒருவன் ‘முதுகெலும்பில்லாத கதை’ என்று எழுதியிருக்கிறான். போன வாரமாக இருந்தால் ஆமாம் என்று தலையாட்டியிருப்பேன். இன்று அவன்மேல் வந்த கோபம் எனக்கே ஆச்சரியம். அவன் சொன்னதும் நான் சொன்னதும் ஒன்றுதானே.

அவளிடம் உண்மையைச் சொன்னது சரியா? சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சந்தோஷமாக இல்லை.

ஜூன் 21, சனி

மழை. இட்லி மாவு பொங்கவில்லை, இந்த ஊர் ஜூன் குளிரில் எங்கே பொங்கும். தோசையாக ஊற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் து., லேப்டாப்போடு. செவ்வாய்க்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டு தோசை சாப்பிட்டாள்.

இன்னொரு இதழ் கேட்டிருக்கிறார்களாம். திட்டு வாங்கின இதழ் நன்றாக விற்றிருக்கிறது, பொம்மையும்தான். மறுபடி அதே அணி, வேறு தீவு, அதே சின்னப் படகு. எடிட்டரிடம் சொல்லிவிட்டாளாம்.

“இந்த முறை ஹெலிகாப்டர் இல்லை. ஒரு ஆளைக் கரையில விடோணும். நீ சொல்லு, ஆரை விடுவம்?”

டிரைவரை என்று உடனே சொன்னேன். அவனுக்கு என்றைக்குமே இரண்டு வரிக்கு மேல் வசனம் கிடையாது. அந்த இரண்டு வரியில்தான் மற்றவர்கள் சிரிக்கிறார்கள் என்றாள். உண்மைதான். சரி, ரேடியோக்காரன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே ஞாபகம் வந்தது: அவனுக்கு ஒரு காது கேட்காது. படகு கிளம்புகிற சத்தம்கூடக் கேட்காமல் நின்றுகொண்டிருப்பான். வேண்டாம். சமையல்காரனைச் சொன்னேன், நானே வேண்டாம் என்றேன். டாக்டர் பெண்ணை விட்டால் காயம் பட்டால் யார் பார்ப்பது. தலைவி தானே முன்வந்து இறங்கிவிடுவாள், அதனாலேயே அவளை விடக் கூடாது.

டிரைவருக்கு அப்புறம் து. எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாசிக்கேக்க எல்லாம் லேசு,” என்றாள். குத்தலாக இல்லை.

லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். படகில் ஏறுகிற நான்கு பேரின் பெயரை டைப் அடி, மீதி ஆளைப் பற்றி நான் எழுதிக்கொள்கிறேன் என்றாள்.

அடித்தேன். டிரைவர். ரேடியோக்காரன். டாக்டர். சமையல்காரன்.

தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். பிறகு ஐந்தாவதாகத் தலைவியின் பெயரையும் டைப் அடித்துவிட்டேன்.